கோணல் கூடப் பிறந்ததா?

மேசைமேல் வைத்து ஓட்டும் சிறிய பேண்ட்சாவில், பலகையை ஃபென்ஸ் என்னும் வழிகாட்டித் தடுப்போடு அணைத்து எவ்வளவு ஒழுங்காகத் தள்ளினாலும் வெட்டு கோட்டை விட்டு ஒரு பக்கமாக விலகிப் போகும். இதற்குத் தச்சர்களிடையே இரண்டு பதில்கள் உண்டு. ஒவ்வொரு பிளேடுக்கும் ஒரு சாய்வு இருக்கும், அது அதன் இயல்பு, ஃபென்ஸை அதற்கேற்பத் திருப்பி வைத்துக்கொள் என்பார் ஒரு சாரார். சாய்வு காரணத்தோடு வந்தது, காரணத்தைத் தேடு என்பார் மற்றவர். கேட்பதற்குப் பட்டறைச் சச்சரவு. ஆனால் உயிரின் குற்றத்தைப் பற்றிச் சைவ சித்தாந்தம் வகுத்த பிரிவும் இதுவே. உயிரைப் பற்றும் மலங்களுள் ஆணவம் சகசம், செம்பில் களிம்புபோல, நெல்லில் உமிபோல உடனிருப்பது. மாயையும் கன்மமும் ஆகந்துகம்; இடையில் வந்து கூடியவை. இந்தப் பிரிவைச் செய்து பார்க்காமல் ஒரு கோணலுக்கு ‘இயல்பு’ என்று பெயரிட யாருக்கும் உரிமையில்லை என்பதே என் வாதம்.

பேண்ட்சாவின் கோணலைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பகுதி வந்து சேர்ந்ததாகவே தெரிகிறது. பிளேடின் பற்கள் இடமும் வலமுமாக மாறிமாறி வளைக்கப்பட்டவை. ஒரு பக்கப் பற்கள் ஆணியில் பட்டு மழுங்கினால் கூர்மையான பக்கம் வெட்டைத் தன்னிடம் இழுக்கும். சக்கரத்தின் ரப்பர் பட்டை நடுவில் சற்றே மேடாக இருக்கும். அந்த மேட்டின்மேல் பிளேடு முன்னே தள்ளி நின்றால் அதன் முகம் ஒரு பக்கமும், பின்னே நின்றால் மறுபக்கமும் திரும்பும். மேல் சக்கரத்தைச் சாய்க்கும் திருகைச் சிறிது திருப்பினாலே தீர்கிற குறை இது. எத்தனையோ மெஷின்கள் இந்தத் திருகு ஒன்றுக்காகப் பிறவிக் கோணல் என்ற பழியைச் சுமக்கின்றன!

ஃபென்ஸைத் திருப்பினாலும் வெட்டு நேராகத்தானே வருகிறது, காரணம் எதற்கு என்று கேட்கலாம். வரும், அதே பிளேடு அதே கூர்மையில் இருக்கும்வரை. பல் மழுங்க மழுங்கச் சாய்வு மாறும். மேலும், குறுக்குவெட்டுக்கான தள்ளுகட்டை மேசையின் பள்ளத்தில் ஓடுகிறது. ஃபென்ஸ் திரும்பும், பள்ளம் திரும்பாது. கோணலுக்கு ஏற்ப ஒரு விதியை வளைத்தால் இன்னொரு விதியோடு அது மோதத் தொடங்குகிறது. உயிரை மெஷினோடு ஒப்பிடலாமா என்பது அடுத்த தடை. செம்பையும் நெல்லையும் எடுத்துக்காட்டியவர்கள் சித்தாந்திகளே. உவமையிலிருந்து நான் எடுப்பதும் ஆராயும் முறையை மட்டும்தான்.

வலுவான தடை வேறு. எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் மிச்சம் இருக்கிறதே? இருக்கிறது. 9 அங்குலச் சக்கரம் கொண்ட மெஷினின் மெல்லிய சட்டம், அகலமான பிளேடு கேட்கும் இறுக்கத்தைத் தாங்காமல் வளையும். இதுதான் அதன் சகசம். வேடிக்கை என்னவென்றால், இந்த மிச்சத்துக்கு ஃபென்ஸைத் திருப்பிப் பயனில்லை; சட்டத்தின் நெகிழ்வுக்கு நிலையான கோணம் கிடையாது. முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் சக்தி மட்டும் அடங்குகிறது என்பது சித்தாந்தத்தின் முடிவு. இங்கேயும் அடக்கத்தான் முடியும்: கால் அங்குல பிளேடு, குறைந்த பற்கள், மெதுவாகத் தள்ளும் கை. தடித்த கட்டையை அவசரமாகத் தள்ளினால், மேல்முகத்தில் கோட்டோடு ஒட்டிப் போவதாகத் தெரியும் வெட்டு உள்ளே வயிறு தள்ளியிருக்கும்.