கடலைத் தாண்டினவனும் தாண்ட மறுத்தவளும்

ஜோசப் கேம்ப்பெல் என்ற அமெரிக்க அறிஞர் 1949-இல் ஒரு நூல் வெளியிட்டார். வீரனுக்கு முகங்கள் ஆயிரம், ஆனால் வீரன் ஒருவனே என்பது அந்நூற்பெயரின் கருத்து. தன் ஊரில் அமைதியாக இருந்தவனுக்கு ஓர் அழைப்பு வருகிறது. முதலில் தயங்குகிறான்; பெரியவர் ஒருவர் தைரியம் சொல்லுகிறார்; எல்லையைக் கடந்து, சோதனைகளை வென்று, அரியதொரு பொருளைப் பெற்று, ஊராருக்குப் பயன்படும்படி அதனுடன் திரும்புகிறான். உலகத்துப் பெருங்கதைகள் இந்தச் சட்டத்துக்குள் அடங்கும் என்பது அவர் கொள்கை. 1977-இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தை எடுத்த ஜார்ஜ் லூகாஸ், இந்நூலுக்குத் தாம் கடன்பட்டவர் என்று கூறினார். திரைக்கதை எழுதுவோர்க்கு இன்று இது இலக்கண நூல் போலவே ஆகிவிட்டது.

ஸ்ரீராமாயணத்தில் இந்த இலக்கணத்துக்கு இலக்கியம் தேடுவோர்க்குச் சிறிய திருவடியே போதும். கடற்கரையில் வானர முதலிகள் கலங்கியிருந்தபோது, தம் ஆற்றலை நினையாமல் தனியே அமர்ந்திருந்தவர் அவர். ஜாம்பவான் வந்து நினைவூட்டுகிறார். மஹேந்திர மலையிலிருந்து எழும்புகிறார். மைநாகம் இளைப்பாற அழைக்கிறது. ஸுரஸை வாயைத் திறந்து வழிமறிக்கிறாள். ஸிம்ஹிகை நிழலைப் பிடித்திழுக்கிறாள். இலங்கையின் வாயிலில் அந்நகரத்துக் காவல் தெய்வமே எதிர்த்து நிற்கிறாள். எல்லாவற்றையும் கடந்து பிராட்டியைக் கண்டு, சூடாமணியைப் பெற்று மீளுகிறார். கேம்ப்பெல் சொன்ன படிகளில் ஒன்றும் குறைவில்லை.

ஆனால் அந்தப் பயணத்தின் நடுவே, சட்டத்துக்குள் அடங்காத ஓர் இடம் உண்டு. தம் முதுகில் எழுந்தருளும்படியும், அன்றைக்கே பெருமாளிடம் சேர்த்துவிடுவதாகவும் திருவடி விண்ணப்பிக்கிறார். தேடி வந்த வீரன் தேடப்பட்டவளை மீட்டுக்கொண்டு திரும்புவதுதானே கதையின் முறை? பிராட்டி இசையவில்லை. போகும் வேகத்தில் தான் கடலில் விழுந்துவிடக்கூடும்; அரக்கர் தொடர்ந்து வந்தால் போரிடுவதா தன்னைக் காப்பதா என்ற நிலை உண்டாகும்; பிற ஆடவர் திருமேனியைத் தானாகத் தீண்டமாட்டாள். இவையெல்லாம் சொன்னபின் தலையான காரணம் வருகிறது: பெருமாள் தாமே வந்து இராவணனை வென்று தன்னை அழைத்துப்போவதே அவருக்குத் தகும்.

இதைச் சொன்னவள் எந்நிலையில் இருந்தாள் என்பதை மறக்கலாகாது. இராவணன் வைத்த கெடுவில் இரண்டு மாதமே மிச்சம். சற்று முன்புதான், உயிரை விடத் துணிந்து தன் கூந்தற்பின்னலைக் கையில் எடுத்திருந்தாள். சலனமற்ற ஞானியின் சாந்தம் என்று இதைப் போற்றிவிட்டு நகர்ந்தால், வால்மீகி பகவான் பட்ட பாட்டை நாம் வீணாக்கினவர்களாவோம். விடுதலை முதுகைக் காட்டிக்கொண்டு எதிரே நிற்கிறது, வேண்டாம் என்கிறாள்.

வலிமை இல்லாதவளாக இருந்தால் இதில் வியப்பில்லை. தன் தவவலிமையால் இராவணனைச் சாம்பலாக்க வல்லவள் தான் என்பதையும், பெருமாள் நியமனம் இல்லாமையால் அது செய்யவில்லை என்பதையும் அவள் அவனிடமே சொல்லியிருக்கிறாள். வெறும் சொல்லன்று. பின்னர் திருவடியின் வாலில் தீ வைத்தபோது, அவருக்குக் குளிர்ந்திருக்கும்படி அவள் அக்னியை வேண்ட, அப்படியே குளிர்ந்தது. நெருப்பைக் குளிர்விக்க வல்லவளுக்கு அரக்கனை எரிப்பது அரிதோ? அடியவனுக்காகப் பயன்பட்ட அந்த ஆற்றல் தன் பொருட்டு ஒருகாலும் வெளிப்படவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அவதரித்த பிள்ளைலோகாசாரியர் ஸ்ரீவசநபூஷணத்தில், ஸ்ரீராமாயணம் முழுவதுமே சிறையிருந்த பிராட்டியின் ஏற்றத்தைச் சொல்ல வந்தது என்று அறுதியிட்டார். வில்லெடுத்தவரும் கடல் கடந்தவரும் இருக்க, மரத்தடியில் அமர்ந்திருந்தவளைக் காவியத்தின் பொருளாக்கிய துணிவு அவருடையது. பிராட்டியின் மூன்று பிரிவுகளையும் அவர் எண்ணிக் காட்டுகிறார். இலங்கைக்குப் போனது க்ருபையை வெளியிட. கருவுற்ற நிலையில் காட்டுக்குப் போனது பாரதந்த்ர்யத்தை வெளியிட. பூமிக்குள் புகுந்தது அநந்யார்ஹத்வத்தை வெளியிட. கேம்ப்பெல்லின் வரிசையில் பிரிவு முதற்படி மட்டுமே, திரும்புதலில் அது தீர்ந்துவிடும். இங்கோ பிரிவுக்குமேல் பிரிவு. கடைசிப் பிரிவுக்குத் திரும்புதலே இல்லை.

இங்கே ஒரு கேள்வி எழவேண்டும், எழாவிட்டால்தான் குறை. இது பெண்ணைக் காத்திருக்கச் சொல்லும் பழைய பாட்டுத்தானா? மோரீன் முர்டாக் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1990-இல் பெண்ணின் பயணத்தைப் பற்றித் தனியே ஒரு நூல் எழுதினார். அதற்குமுன் கேம்ப்பெல்லையே அவர் நேரில் கேட்டபோது, பெண் பயணம் செய்ய வேண்டுவதில்லை, மற்றவர்கள் சென்றடைய முயலும் இடமே அவள் என்ற கருத்துப்பட விடை வந்ததாம். முர்டாக்குக்கு அதில் நிறைவு ஏற்படவில்லை. ஏற்படாததும் நியாயமே. சென்றடையும் இடத்துக்கு மறுக்கும் உரிமை ஏது? வந்தவன் எடுத்துக்கொண்டு போவான்.

பிராட்டி அத்தகைய இடமல்லள். அயோத்தியில் அரண்மனையிலேயே இருக்கும்படி பெருமாள் சொன்னபோது வாதாடி, கடிந்துரைத்து, காட்டுக்குப் புறப்பட்டவள் அவள். புறப்படவும் தெரியும், புறப்படாதிருக்கவும் தெரியும். கிணற்றில் குழந்தை விழுந்தால் கூடவே குதித்தெடுக்கும் தாயை மணவாள மாமுனிகள் உவமை காட்டுகிறார். குதித்த தாயைப் பார்த்து, கயிறு கிடைத்ததும் தான் மட்டும் ஏன் ஏறவில்லை என்று யாரும் கேட்பதில்லை. மேலும், பூர்வாசார்யர்கள் இதைப் பெண்களுக்கான உபதேசமாக வைக்கவில்லை. தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சியை ரக்ஷகனிடம் விட்டிருத்தல் ஆண் பெண் என்னாது எல்லாச் சேதநர்க்கும் ஸ்வரூபம் என்றே வைத்தார்கள். மீசை முறுக்கும் வீரனுக்கும் பாடம் இதுவே. அவனுக்குத்தான் இது கூடுதல் கடினம்.

போர் முடிந்தது. வெற்றிச் செய்தியுடன் திருவடி மறுபடியும் அசோகவனத்துக்கு வருகிறார். இத்தனை மாதம் பிராட்டியை அச்சுறுத்திய அரக்கியரைக் கொல்ல அநுமதி கேட்கிறார். வீரனுக்கு இயல்பாகத் தோன்றும் முடிவு அது. பிராட்டி தடுக்கிறாள். அரசன் ஏவியதைச் செய்த பணிப்பெண்கள் இவர்கள்; குற்றமே செய்யாதவர் உலகில் எவர் என்கிறாள். புலிக்கு அஞ்சி மரமேறினவனை, அவன் குற்றம் செய்தவனாயினும், கைவிட மறுத்த கரடியின் பழங்கதையையும் நினைவூட்டுகிறாள். சரணம் என்று வந்த காகத்தையும் விபீஷணனையும் பெருமாள் காத்தார். ஒன்றும் கேளாத அரக்கியரை, குற்றத்தின் ஈரம் காயுமுன்னே, இவள் காத்தாள் என்று ஸ்ரீகுணரத்நகோசத்தில் பராசர பட்டர் ஈடுபடுகிறார்.

நூறு யோஜனைக் கடலை ஒரே தாவலில் கடந்தவர், கைகூப்பி அதைக் கேட்டு நின்றார். பெருமாளுக்குரிய பத்தினி நீரே என்றார். பிறகு, அவரிடம் தாம் என்ன சொல்லவேண்டும் என்று, முதல் நாள் வந்த தூதனைப் போலவே, மறுபடியும் கேட்டார்.