இறங்குதுறையில் எஞ்சி நிற்போர்

எழுவைதீவிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் படகேறும்போது இளைஞன் தானே தாவி ஏறிவிடுவான். மூதாட்டிக்குக் கைகொடுத்தல் வேண்டும். சற்றுப் பொறுத்திருத்தலும் வேண்டும். அக்கரை சேர்க்கும் ஆட்களின் தொகைக்கேற்பவே கூலி என்றும், தொகை குறைந்தவர் உரிமத்தை இழப்பர் என்றும் விதித்துப் பல படகோட்டிகளைப் போட்டியிட விட்டால் முதலில் ஏற்றப்படுபவர் யார்? பின்தங்குபவர் யார்?

இது வெறுங் கற்பனையன்று. வேலையற்றோருக்குத் தொழில் தேடிக்கொடுக்கும் பணியில் இத்தகைய விதி நடைமுறைக்கு வந்துள்ளது. அவுஸ்திரேலியாவில் 1946இல் தோன்றிய அரச வேலைவாய்ப்புச் சேவை இருந்த இடத்தில், 1998 மே மாதம் முதல், கேள்விப்பத்திர முறையில் தெரிவான தனியார் நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும் அமர்த்தப்பட்டன. ஒருவர் தொழில் பெற்று அதிற் குறித்த காலம் நிலைத்தால் நிறுவனத்துக்குக் கொடுப்பனவு உண்டு. பின்னர் நட்சத்திரத் தரமும் வழங்கப்பட்டது. தரம் தாழ்ந்தவை ஒப்பந்தத்தை இழக்கலாயின.

போட்டியிட்டோர் விரைவிற் கற்றுக்கொண்டனர். எளிதில் தொழில் பெறக்கூடியோர்மீது கவனம் குவிந்தது. நெடுங்காலம் வேலையற்றிருந்தோர் பலர் பதிவேட்டில் மட்டுமே இருந்தனர். 2002இல் அந்நாட்டின் உற்பத்தித்திறன் ஆணைக்குழுவே இக்குறையைச் சுட்டியது. இடர்ப்பாடு மிக்கோருக்குக் கூடிய கொடுப்பனவு என்னும் ஏற்பாடும் இதனை முற்றாகத் தீர்க்கவில்லை. 2009, 2015, 2022 ஆகிய ஆண்டுகளில் திட்டத்தின் பெயரும் விதிகளும் மாறின. நிறுவனங்களும் அவற்றுக்கேற்பத் தம்மை மாற்றிக்கொண்டன.

இதன் பொருட்டு அங்குப் பணிபுரிவோரைத் தீயோர் எனல் பொருந்தாது. எது எண்ணப்படுகின்றதோ அதுவே பேணப்படும். நம் நாட்டுத் தோட்டங்களிலும், அன்றாடம் வேலைக்கு வந்த ஆட்களின் கணக்கிற்கேற்பவே கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. நோயுற்றுக் கிடந்தவன் அக்கணக்கில் ஒரு குறைவு மட்டுமே.

அரச அலுவலகங்கள் யாவரையும் அரவணைத்தன என்று கூறுவதற்கில்லை. அங்கும் காத்திருந்து களைத்தோர் உண்டு. ஆயினும், 'என்னை ஏன் கைவிட்டாய்?' என்று அரசை நோக்கிக் கேட்க அவர்களுக்கு இடமிருந்தது. இன்றோ அரசு நிறுவனத்தைக் காட்டுகின்றது. நிறுவனம் ஒப்பந்தத்தைக் காட்டுகின்றது. கேட்பவனுக்கு விடையளிக்க எவருமில்லை. இதுவே இம்முறையின் அறக்குறை என்பது என் கருத்து.

பணியைக் குத்தகைக்கு விடலாம். கடமையைக் குத்தகைக்கு விடல் ஆகாது. எத்தனை பேர் அக்கரை சேர்ந்தனர் என்பதோடு, இறங்குதுறையில் எஞ்சியோர் யார், அவர் எஞ்சியது ஏன் என்பதையும் அரசே கேட்டாக வேண்டும். பட்டம் பெற்றபின் தொழிலுக்குக் காத்திருக்கப்போகும் நமக்கு இக்கேள்வி தொலைவிலுள்ளதன்று. நம்முள் எவர் தாவி ஏறுவார், எவர் கரையில் நிற்பார் என்பதை இன்று யாரறிவார்?