சேதாரம்

எளிய கருவியே நல்ல கருவி என்பது நம்மிடையே ஏறக்குறைய ஒரு அறக்கோட்பாடாகிவிட்டது. காந்தியின் ராட்டையிலிருந்து 1973இல் ஷூமாக்கர் எழுதிய ‘சிறியதே அழகு’ வரை இதற்கு ஒரு பரம்பரையும் உண்டு. எதிர்த்தரப்போ எளிமையில் வறுமையை மட்டுமே காண்கிறது. இரு தரப்பாரும் கருவியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கருவி பட்ட பொருளை யாரும் கையிலெடுத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை. எளிமை எப்போது அறமாகிறது, எப்போது வெறும் பழக்கமாக நின்றுவிடுகிறது என்ற கேள்விக்குப் பொருளைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.

ஸ்தூலமான ஒரு உதாரணம். தேனியிலிருந்து கம்பம் வரை, முல்லையாற்றை ஒட்டிய ஊர்களில் முதிய பெண்களின் காதுகளில் தொங்கிய தண்டட்டி. பார்வைக்குக் கனத்த பொன்கட்டி. உண்மையில் பெரும்பாலும் மெல்லிய தகடும் உள்ளே அடைத்த அரக்கும்தான். தகட்டை வெட்டி, மடித்து, வளைத்து, விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பற்றவைத்த சிறுசிறு வடிவங்களின் கூட்டு அது.

இதற்கு வேண்டியவை ஒரு பலகையில் அடங்கிவிடும்: குறடு, சாமணம், சுத்தி, அரம், ஊதுகுழல், ஒரு மரக்கட்டை. இவற்றுக்குள்தான் தேர்வு. வாயில் பல் வெட்டிய குறடு இறுகப் பிடிக்கும், கைக்குச் சிரமமில்லை. வாய் வழவழப்பான குறடு நழுவும். கை கூடுதலாக உழைக்கவேண்டும். மடிப்பு நேராக வரவேண்டுமானால் குறட்டின் வாய் மடிப்பின் நீளத்துக்கு அகன்றிருக்கவேண்டும். குறுகிய வாயால் கொஞ்சம் கொஞ்சமாக மடித்தால் விளிம்பு நெளிந்துவிடும். வளைவுக்கு உருண்டை மூக்கு வேண்டும். அதே மூக்கு நேர்க்கோணத்தைக் கெடுத்துவிடும். எனவே எல்லாவற்றுக்கும் ஒரே கருவி என்ற சிக்கனத்தை எளிமை என்று அழைப்பதற்கில்லை.

பல் வைத்த குறட்டுக்கு வருவோம். அதன் பல் தகட்டில் பதியும். பதிந்த தடத்தை அராவித்தான் எடுக்கவேண்டும். அராவினால் பொன் குறையும். அந்தப் பொன் ஆசாரியுடையதல்ல, நிறுத்துக் கொடுத்த வீட்டாருடையது. துகளைக் கூட்டி உருக்கினாலும் முழுவதும் திரும்பி வருவதில்லை. இந்த இழப்புக்குச் சேதாரம் என்று பெயர். அதை ஏற்பவர் பொன்னைக் கொடுத்தவர். ஆக, ஒருவர் கையின் சௌகரியத்துக்கு இன்னொருவர் விலை தருகிறார். குறட்டின் தேர்வு அறப் பிரச்னையாவது இந்த இடத்தில்தான். வழவழப்பான வாயைத் தேர்பவர் சிரமத்தைத் தன் கைக்கு மாற்றிக்கொள்கிறார்.

இன்னொன்றும் உண்டு. வளைத்த உலோகம் விட்டவுடன் சற்றுத் திரும்பும். ஆகவே வேண்டிய கோணத்தைக் கொஞ்சம் தாண்டியே வளைக்கவேண்டும். அதிகம் தாண்டிவிட்டால் திருப்பலாம். ஆனால் ஒவ்வொரு திருப்பலிலும் உலோகம் இறுகும். காய்ச்சி இளக்காமல் தொடர்ந்தால் வெடிக்கும். டேவிட் பை என்ற ஆங்கிலேயக் கைவினைஞர் 1968இல் இத்தகைய வேலையை ‘அபாயத்தின் வேலைப்பாடு’ என்றார். கடைசிக் கணம்வரை விளைவு நிச்சயமில்லை. செய்பவரின் கவனத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும். நீண்ட பிடியுள்ள கருவி உலோகத்தின் இறுகலைக் கைக்குத் தெரியாமல் மறைக்கும். சிறு குறடு உடனே சொல்லிவிடும், திருத்த இன்னும் இடம் இருக்கும்போதே.

ஆனால் இந்த அறத்துக்கு எல்லை உண்டு. 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேல் நகை செய்வதைத் தடுத்தன. 22 காரட்டில் நூற்றுக்கு 91 பங்குக்கு மேல் பொன்; 14 காரட்டில் 58 பங்குதான், மீதி செம்பு முதலிய கலப்பு. அந்த உலோகம் கடினமானது. அதிகம் திரும்பும், சீக்கிரம் இறுகும். தலைமுறைகளாகக் கை அறிந்திருந்த அளவுகள் ஒரே உத்தரவில் பொய்த்துப்போயின. வேலையிழந்த பொற்கொல்லர்களில் தற்கொலை செய்துகொண்டவர்களும் உண்டு. அந்த 14 காரட் வரம்பு 1966இல் நீங்கியது. 1968இல் இயற்றப்பட்ட சட்டமோ 1990வரை நீடித்தது. எவ்வளவு கவனத்தோடு தேர்ந்த குறடும் அவர்களைக் காப்பாற்றவில்லை. இதை விட்டுவிட்டுக் கைவினையைப் போற்றுவது யோக்கியமல்ல.

இன்று அச்சில் அடித்ததும் வார்த்ததுமான நகைகள் வந்துவிட்டன. பில்லில் சேதாரம் மட்டும் ஒரு சதவீதமாக இருக்கிறது. உண்மையில் எவ்வளவு பொன் சிந்திற்று, எந்தக் கையில், எந்தக் கருவியால் என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை. இயந்திரத்தின் மேல் எனக்குப் புகார் கிடையாது. இழப்புக்கு ஒரு தொகை இருக்கிறது, பொறுப்புக்கு ஒரு முகம் இல்லை என்பதே என் சங்கடம்.

விமர்சனம் எழுதுகிற நாம் இதைச் சற்று யோசிக்கலாம். நம் கைக்கு வரும் கவிதையும் நம்முடையதல்ல. நாம் ஆசையோடு எடுத்துக்கொண்டிருக்கும் கோட்பாடுகளில் பலவும் பல் வைத்த குறடுகள். நன்றாகவே பிடிக்கின்றன. பிறகு அவை பதித்த தடத்தையே கவிதையின் குணம் என்று நாம் எழுதிவிடுகிறோம். நழுவும் கருவியோடு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க நம்மில் எத்தனை பேர் தயார்?