கேட்காமல் வந்த தொட்டில்

2018 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையாளர் கில்லியன் ப்ரோக்கெல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். கருவுற்றிருந்த மாதங்களில் அவர் கர்ப்பிணிகளுக்கான உடையைக் கூகுளில் தேடியிருந்தார். தொட்டிலுக்குப் பூச, குழந்தைக்குத் தீங்கு செய்யாத பெயின்ட் எது என்று தேடியிருந்தார். பிறக்கப்போகும் குழந்தைக்காக நடந்த விருந்துக்கு வந்த தோழிகளுக்கு நன்றி சொல்லிப் பதிவு போட்டிருந்தார். இதையெல்லாம் ஒன்று விடாமல் குறித்துக்கொண்டு விளம்பரங்கள் வந்தபடி இருந்தன. பிறகு ஒரு நாள், குழந்தை அசையவில்லையே என்றும் அவர் தேடினார். குழந்தை இறந்தே பிறந்தது. சில நாள் மௌனத்துக்குப் பின் அந்தச் செய்தியையும் அவரே எழுதினார். தொட்டில்களும் தள்ளுவண்டிகளும் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தன.

விளம்பரம் வேண்டாம் என்று சொல்லப் பொத்தான் இருந்தது. அழுத்தினார். ஏன் என்று கேட்டது. தனக்குப் பொருத்தமில்லை என்பதைத் தேர்ந்தெடுத்தார். அப்படியானால் குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டது என்று இயந்திரம் முடிவுகட்டிவிடுகிறது என்கிறது அந்த மடல். பாலூட்டும் தாய்க்கான உள்ளாடை, குழந்தையை இரவு முழுக்கத் தூங்கவைக்கும் வழி என்று அடுத்த வரிசை தொடங்கியது. பேஸ்புக்கின் விளம்பரப் பிரிவு அதிகாரி ஒருவர் மன்னிப்புக் கேட்டார். குழந்தை வளர்ப்பு விளம்பரங்களை நிறுத்திவைக்கத் தங்களிடம் வசதி இருக்கிறது என்றும் சொன்னார். இருந்தது உண்மைதான். அமைப்புகளுக்குள் எங்கோ இருந்த அதைத் தேடிப் பிடிக்கும் வேலை, குழந்தையை இழந்து நின்றவர் தலையில் விழுந்தது.

தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சிக்கும் வாடிக்கையாளர் வீட்டு விஷயம் நிறையத் தெரியும். எந்த வீட்டில் சர்க்கரை வியாதி, யார் இந்த மாதம் பாக்கியைத் தள்ளிப்போடுவார்கள், எந்த வீட்டுக்குப் பிரசவத்துக்கு மகள் வந்திருக்கிறாள் என்பதெல்லாம் நோட்டைப் புரட்டாமலே சொல்வார். சுக்கு, திப்பிலி, ஓமம் எல்லாம் கட்டி வைக்கட்டுமா என்று அவராகவே கேட்பார். அதுவும் விளம்பரம்தான், குறிவைத்த விளம்பரம்தான். அந்த வீட்டில் குழந்தை தவறிவிட்டது என்று காதில் விழுந்தால், கட்டிவைத்த பொட்டலத்தைப் பிரித்து அந்தந்த டப்பாவில் கொட்டிவிடுவார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். அவருக்கும் வியாபாரம் நடக்க வேண்டும். ஆனால் நாளைக்கும் அதே தெருவில் அதே மனிதர்களின் முகத்தில் விழிக்க வேண்டியவர் அவர். தெரிந்துகொண்டதற்கு அவர் பொறுப்பாளி.

இணையத்தில் அந்த அறிவு ஏலத்துக்குப் போகிறது. ஒருவர் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது, அது முழுதாகத் தெரிவதற்குள், அவர் கண் முன் நிற்கும் உரிமைக்கு நிறுவனங்கள் போட்டியிட்டு விலை கேட்கின்றன. விலை கேட்பதற்காக அவர் எங்கே இருக்கிறார், என்ன படிக்கிறார், எத்தகையவர் என்ற குறிப்புகள் அவர்கள் எல்லோருக்கும் அனுப்பப்படுகின்றன. ஏலத்தில் தோற்றவர்களின் கைக்கும் அந்தக் குறிப்பு போய்ச் சேர்ந்துவிடுகிறது. அங்கே அண்ணாச்சி என்று ஒருவர் இல்லை. முகத்தில் விழிக்க வேண்டிய கடமையும் யாருக்கும் இல்லை.

இதைச் சொல்லிவிட்டு, விளம்பரமே வேண்டாம் என்று முடித்துவிடுவது எளிது. அது நியாயமாகாது. வாடகைக்கு வீடு, வேலைக்கு ஆள், மணமகன் தேவை என்று வரி விளம்பரப் பக்கத்தைப் பேனாவும் கையுமாக உட்கார்ந்து படித்த குடும்பங்கள் எத்தனை! தேவை இருப்பவரும் பொருள் இருப்பவரும் சந்திக்க ஓர் இடம் வேண்டும். 2000-ல் கூகுள் தொடங்கிய தேடல் விளம்பரம் ஏறக்குறைய அந்தப் பக்கத்தின் வாரிசு. தேடியவர் சொன்ன சொல்லுக்குப் பதிலாக அது வருகிறது. சொல்லாததைத் துப்பறிய வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

அந்த விளம்பரம் யாருக்குப் பயன்படுகிறது என்று ஈபே நிறுவனத்தோடு சேர்ந்து பொருளாதார ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சில பகுதிகளில் மட்டும் கூகுள் விளம்பரத்தை நிறுத்தினார்கள். விற்பனை பெரிதாகக் குறையவில்லை. ஈபேயை நன்கு அறிந்தவர்கள் விளம்பரம் இல்லாமலே அங்கே போய்ச் சேர்ந்தார்கள். புதியவர்களிடமும் எப்போதாவது வருபவர்களிடமும்தான் விளம்பரத்தின் விளைவு தெரிந்தது. 2015-ல் எகனோமெட்ரிக்கா இதழில் வெளியான இந்த ஆய்வு விளம்பரச் செலவின் பலனை அளப்பது என்றாலும், அறத்தை எடைபோடுகிறவருக்கும் இதில் செய்தி உண்டு. தெரியாததைத் தெரிவிக்கும்போது விளம்பரம் தன் கூலியைச் சம்பாதிக்கிறது.

இன்னொரு சோதனை இதைவிட அருமையானது. 2020-ல் கொரோனா உச்சத்தில் இருந்தபோது, அமெரிக்காவில் நன்றி நவிலல் நாளும் கிறிஸ்துமஸும் நெருங்கின. ஊர் விட்டு ஊர் போய் உறவுகளைப் பார்க்கும் பருவம் அது. பயணத்தைத் தவிர்க்கச் சொல்லி மருத்துவர்களும் செவிலியர்களும் பேசிய சிறு வீடியோக்கள் 13 மாநிலங்களில் பேஸ்புக் விளம்பரங்களாகக் காட்டப்பட்டன. நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டூஃப்லோவும் இடம்பெற்ற ஆய்வுக் குழு, எந்தெந்த அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளில் காட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோல் முடிவு செய்தது. காட்டிய பகுதிகளில், பண்டிகைக்குப் பிந்தைய தொற்று 3.5 சதவீதம் குறைந்தது. பார்க்கச் சிறிய எண். அதன் பின்னால் மூச்சுத் திணறாமல் தப்பித்தவர்கள் இருக்கிறார்கள். இதற்கு யாருடைய தேடல் வரலாறும் தேவைப்படவில்லை. ஊர் எது என்பது போதுமானதாக இருந்தது.

சிறு வியாபாரிகளின் வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. இடதுகைப் பழக்கமுள்ளவர்களுக்கான கத்தரிக்கோல் விற்பவரால் தொலைக்காட்சியில் விளம்பரம் கொடுத்துக் கட்டுப்படியாகுமா? அவருடைய வாடிக்கையாளர்கள் ஊருக்கு நாலு பேராகச் சிதறிக் கிடக்கிறார்கள். குறிவைத்த விளம்பரம் அந்த நாலு பேரைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறது. 2021 ஏப்ரலில், பிற செயலிகளில் பயனரைப் பின்தொடர அனுமதி கேட்டாக வேண்டும் என்று ஆப்பிள் விதித்தது. சிறு வணிகங்களை அது நசுக்கும் என்று பேஸ்புக் முன்னதாகவே நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து எதிர்த்தது. அந்த மாற்றத்தால் 2022-ல் தனக்கு ஏறத்தாழ 1,000 கோடி டாலர் வருவாய் குறையும் என்றும் பின்னர் கணித்தது. இந்தத் தொகை ஒரு பெரிய உண்மையைச் சொல்கிறது. வாய் திறந்து கேட்டபோது ஏராளமானோர் வேண்டாம் என்றார்கள். அதற்கு முன்பு அவர்களை யாரும் கேட்கவில்லை.

பின்தொடராவிட்டால் பத்திரிகைகளும் இணையதளங்களும் பிழைக்காது என்பது அடுத்த வாதம். 2019-ல் கூகுள் தன் சோதனையை வைத்து, பயனரைப் பின்தொடர உதவும் குக்கி இல்லாவிட்டால் தளங்களின் வருவாய் பாதியாகிவிடும் என்றது. அதே ஆண்டு வெளிவந்த ஒரு பல்கலைக்கழக ஆய்வு, குக்கியால் தளத்துக்குக் கிடைக்கும் கூடுதல் வருமானம் 4 சதவீதம்தான் என்றது. நெதர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் என்பிஓ, பின்தொடரும் குக்கிகளை அடியோடு விட்டுவிட்டு, நிகழ்ச்சியின் பொருளுக்கு ஏற்ற விளம்பரங்களுக்கு மாறியது. சமையல் நிகழ்ச்சிக்குப் பக்கத்தில் சமையல் சாமான் விளம்பரம். 2020-ன் முதல் இரண்டு மாதங்களில் அதன் விளம்பர வருவாய் முந்தைய ஆண்டைவிடக் கூடியது. ஒரு நாட்டின் அனுபவம் எல்லோருக்கும் பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. வேறு வழியே இல்லை என்ற பேச்சுக்கு இது போதுமான பதில்.

கண்ணில் படும் விளம்பரத்தைவிட, படாமல் போகும் விளம்பரம் செய்யும் அநீதி ஆழமானது. 2016-ல் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் வீட்டுவசதி தொடர்பான ஒரு விளம்பரத்தைப் பேஸ்புக்கில் வாங்கியது. கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், ஆசிய வம்சாவளியினர் ஆகியோரோடு இணைத்து வகைப்படுத்தப்பட்டவர்களுக்கு அது தெரியக் கூடாது என்று குறிப்பிட்டது. பதினைந்தே நிமிடத்தில் ஒப்புதல் வந்துவிட்டது. அமெரிக்காவில் 1968 முதல் சட்டம் தடுத்துவரும் பாகுபாடு அது. வழக்குகள் நீண்டு, 2022-ல் அமெரிக்க நீதித்துறையோடு பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா சமரசத்துக்கு வந்தது. அபராதம் 1,15,054 டாலர். அந்தச் சட்டப்படி விதிக்கக்கூடிய உச்சத் தொகையே அவ்வளவுதான்.

விளம்பரதாரர் எவரையும் ஒதுக்காதபோதும் இது நடக்கிறது. 2019-ல் ஆய்வாளர்கள் பேஸ்புக்கில் சில வேலை விளம்பரங்களை ஒரே இலக்குக் குழுவுக்கு அனுப்பினார்கள். சூப்பர் மார்க்கெட் காசாளர் வேலைக்கான விளம்பரத்தைக் கண்டவர்களில் 85 சதவீதம் பெண்கள். மரம் வெட்டும் வேலை விளம்பரம் போய்ச் சேர்ந்தவர்களில் 90 சதவீதம் ஆண்கள். யார் சொடுக்குவார்கள் என்று கணித்து இயந்திரமே பிரித்துக் கொடுத்துவிட்டது. கதவைச் சாத்தினால் தட்டலாம், திட்டலாம், வழக்குப் போடலாம். அங்கே ஒரு கதவு இருந்ததே தெரியாதவர் என்ன செய்வார்?

கேட்டதற்கு வரும் பதில் எல்லாமே நல்லது என்றும் கொள்ள முடியாது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறியும் வசதிக்கான விளம்பரத்தை இந்தியச் சட்டம் தடை செய்கிறது. தேடுபொறிகளில் அத்தகைய விளம்பரங்கள் வருவதை எதிர்த்து செயற்பாட்டாளர் சாபு மாத்யூ ஜார்ஜ் 2008-ல் உச்ச நீதிமன்றம் போனார். அந்தச் சொற்களுக்கான விளம்பரங்களைத் தானாகவே தடுப்பதற்கு கூகுள், யாகூ, மைக்ரோசாப்ட் ஆகியவை ஒப்புக்கொள்ள 2016 ஆகிவிட்டது. தேடியவருக்கு அந்த விளம்பரம் பயனுள்ளதாகத்தான் இருந்திருக்கும். பிறக்கவேண்டிய பெண் குழந்தைக்கு?

ஆகவே பயன் என்ற சொல்லை மட்டும் வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. யாருக்குப் பயன், எதை அறிந்து, யாருடைய சம்மதத்தோடு என்று கேட்டே ஆக வேண்டும். தேடிய சொல்லுக்கும், படிக்கும் பக்கத்துக்கும், வாழும் ஊருக்கும் ஏற்ப விளம்பரம் வரலாம். அதற்கு மேல் ஒருவரைத் தொடர்ந்து போய் அறிய வேண்டுமானால் முதலில் அவரிடம் கேட்க வேண்டும், அவர் தலையாட்டும்வரை காத்திருக்க வேண்டும். நோய், கர்ப்பம், கடன், துக்கம் ஆகியவற்றை ஊகித்து அந்த ஊகத்தை விற்பதற்குச் சம்மதம்கூடப் போதாது. துவண்டு கிடப்பவரின் சம்மதத்துக்கு எவ்வளவு மதிப்பு இருக்க முடியும்? ஐரோப்பிய ஒன்றியம் 2024 முதல் முழுமையாக நடைமுறைப்படுத்தும் சட்டம், இணையத் தளங்களில் உடல்நலம், மதம், பாலியல் நாட்டம் போன்ற விவரங்களின் அடிப்படையில் ஆளைக் கணித்து விளம்பரம் காட்டுவதைத் தடுக்கிறது. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களைப் பின்தொடர்வதையும் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடை செய்கிறது. வரவேற்க வேண்டிய சட்டம். ஆனால் பதினெட்டைத் தாண்டியவருக்கு அது சம்மதப் பொத்தானைத்தான் கையில் கொடுக்கிறது.

ப்ரோக்கெல் தன் மடலின் முடிவில் ஒரு மின்னஞ்சலைப் பற்றிச் சொல்கிறார். கடன் தகுதியைக் கணிக்கும் நிறுவனம் ஒன்று அனுப்பியது. குழந்தையைப் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறீர்கள், அதை முடித்துவிடுங்கள் என்றது அது. மகனுடைய கடன் கணக்கை வாழ்நாள் முழுக்கக் கண்காணிக்கலாமாம். அவர் எந்தப் பதிவையும் தொடங்கியிருக்கவில்லை.