காது கொடுத்தல்

1

கதை சொல்லும் பாட்டிகளுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. கேட்கிற பிள்ளை 'உம்' கொட்ட வேண்டும். 'உம்' நின்றால் கதையும் நின்றுவிடும். பிள்ளை தூங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ள அது உதவியது உண்மைதான். ஆனால் அந்த 'உம்' இல்லாமல் பாட்டியால் கதையை வளர்க்கவே முடியாது. ராஜகுமாரன் காட்டுக்குள் இன்னும் எவ்வளவு தூரம் போகலாம், பூதம் எப்போது வரலாம் என்பதையெல்லாம் இருட்டில் வரும் அந்தச் சின்ன ஒலியை வைத்துத்தான் அவள் முடிவு செய்தாள். வில்லுப்பாட்டிலும் இதே ஏற்பாடு உண்டு. புலவர் கதையை எடுத்துச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர்கள் 'ஆமா' போடுகிறார்கள். அந்த 'ஆமா'வில் கால் ஊன்றித்தான் கதை அடுத்த அடி எடுத்து வைக்கிறது.

பேச்சு என்பது பேசுகிறவர் தனியாக உண்டாக்குவதல்ல. கேட்கிறவருக்கும் அதில் பாதிப் பங்கு இருக்கிறது. சில நாட்களாக என் மனம் இதிலேயே நிற்கிறது.

2

காற்றின் நடுக்கம் செவிப்பறையில் வந்து மோதுகிறது. சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று எலும்புகள் அதை உள்ளே கடத்துகின்றன. அங்கவடி சுமார் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும்; உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு அது. அதற்கப்பால் திரவம் நிறைந்த ஒரு சுருள்குழல். அதற்குள் ஏறத்தாழ 15,000 மயிரிழைச் செல்கள். திரவம் அசைய, அவை சாய்கின்றன. அந்தச் சாய்வு நரம்பில் மின்துடிப்பாகி மூளைக்குப் போகிறது. இந்தச் செல்கள் பிறக்கும்போதே கிடைத்தவை. அழிந்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை.

கருவின் கடைசி மாதங்களிலேயே குழந்தைக்குத் தாயின் குரல் கேட்கிறது. பிறந்த சில நாட்களில் அந்தக் குரலை வேறு பெண்களின் குரலிலிருந்து பிரித்தறிந்து, அதையே நாடவும் செய்கிறது. அம்மாவின் முகம் அதற்குப் புதிது, குரல் பழகியது. ஒரு மனிதருக்கும் இன்னொரு மனிதருக்கும் ஏற்படுகிற முதல் அறிமுகம் காது வழியாகத்தான் நடக்கிறது.

3

வயதாக ஆக அந்தச் செல்கள் தேய்கின்றன. சுருள்குழலின் வாசலில் இருப்பவை முதலில் போகின்றன; கூர்மையான மேல் ஒலிகளைப் பிடிப்பவை அவைதான். உயிரெழுத்துகளின் ஒலி பெரும்பாலும் கீழ் அலைவரிசையில் இருப்பதால் தப்பித்துக்கொள்கிறது. க, ச, த, ப என்று ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுகிற நுண்ணொலிகள்தான் மங்கிப் போகின்றன. அதனால்தான் பெரியவர்கள் "சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னுதான் புரியல" என்கிறார்கள். அவர்கள் சொல்வது அப்படியே உண்மை.

"தாத்தா, பால் வேணுமா?" என்று பேரன் கேட்கிறான். "கால் இப்ப தேவலைப்பா, வீக்கம் வத்திடுச்சு" என்கிறார் தாத்தா. வீடே சிரிக்கிறது. ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தாத்தாவும் சேர்ந்து சிரிக்கிறார். அவருடைய காது 'ஆல்' என்பதைச் சரியாகத்தான் பிடித்தது. முன்னால் இருந்த எழுத்து வந்து சேரவில்லை. காலையிலிருந்து எல்லோரும் தன் காலைப் பற்றியே விசாரித்துக்கொண்டிருந்ததால், மனம் அந்த இடத்தை அன்போடு நிரப்பிக்கொண்டது.

கத்திப் பேசினால் இது சரியாவதில்லை. கத்தும்போது உயிரொலிதான் பெருகுகிறது. மெய்யொலி மேலும் அமுங்கிப் போகிறது. போதாததற்கு, கத்துகிற முகம் கோபப்படுகிற முகமாகத் தெரிகிறது. எதிரே வந்து, வெளிச்சம் நம் முகத்தில் விழும்படி உட்கார்ந்து, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, சற்று நிதானமாகச் சொன்னால் போதும். வாயசைவைப் பார்த்துப் பாதியை அவரே பிடித்துக்கொள்வார்.

4

"என்னம்மா சொன்னே?"

"ஒண்ணுமில்ல, விடுங்க."

வீடுகளில் தினமும் நடக்கிற உரையாடல் இது. சொல்கிறவருக்கு அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சின்ன விஷயம்தானே, மறுபடி எதற்கு என்கிற அலுப்பு மட்டும்தான். ஆனால் குடும்பம் என்பதே சின்ன விஷயங்களால் ஆனது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமைந்தது, ரசத்தில் புளி கூடிப்போனது, மழை வரும் போலிருப்பது என்று எல்லாமே 'ஒண்ணுமில்ல'வில் போய்ச் சேர்ந்தால், கேட்கிறவருக்கு மிஞ்சுவது மாத்திரை சாப்பிட்டாயா என்ற கேள்வி மட்டும்தான். பிறகு அவர் கேட்பதை நிறுத்துகிறார். கல்யாண வீட்டில் ஓரமாக நாற்காலி போட்டுக்கொள்கிறார். "அவருக்கு இப்பல்லாம் எதுலயும் ஈடுபாடு இல்லை" என்று நாம் சொல்ல ஆரம்பிக்கிறோம்.

மறதி நோய்க்கு வழிவகுக்கும் காரணிகளில் நம்மால் மாற்றக்கூடியவை எவை என்று லான்செட் ஆணையம் 2020-இல் பட்டியலிட்டது. நடுவயதில் வரும் செவிக்குறைபாடு அதில் ஒன்று. காதுக் கருவி உதவும். ஆனால் பேச்சோடு மின்விசிறியின் இரைச்சலையும் பாத்திரச் சத்தத்தையும் அது சேர்த்தே பெருக்குகிறது. மூளை அதற்குப் பழகச் சில வாரங்கள் வேண்டும். அந்த வாரங்களில் வீட்டில் இருப்பவர்கள் பொறுமையாக இருந்தால்தான் கருவி காதில் தங்கும். இல்லையென்றால் மேசை இழுப்பறைக்குப் போய்விடும்.

5

1953-இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், உயிரை விட நினைப்பவர்கள் அழைக்கட்டும் என்று ஒரு தொலைபேசியோடு உட்கார்ந்தார். அழைப்புகள் வந்தன, ஆட்கள் நேரிலும் வந்தார்கள். அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தன்னார்வலர்கள் தேநீர் கொடுத்துப் பக்கத்தில் இருந்தார்கள், அவர்கள் சொன்னதைக் கேட்டார்கள். அப்படிப் பேசியவர்களில் பலருக்குப் பிறகு பாதிரியாரைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. அவர் அதைக் கவனித்தார். மறு ஆண்டே அந்தப் பணியைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் அமைப்பு இப்படித்தான் உருவானது. சென்னையில் 1986-இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகாவும் தன்னார்வலர்கள் காது கொடுத்துக் கேட்பதை நம்பி நடக்கும் அமைப்புதான்.

இதை நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். அந்தத் தன்னார்வலர்களிடம் மருந்து இல்லை, கடனை அடைக்கப் பணம் இல்லை, பிரிந்துபோனவரைத் திரும்பக் கொண்டுவரும் வழியும் இல்லை. சொல்வதை முழுவதும் கேட்டார்கள். ஒரு உயிர் இன்னொரு ராத்திரியைத் தாண்ட பல நேரம் அது போதுமானதாக இருந்தது.

6

திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் மக்கள் குறைதீர்க்கும் நாள். வாசலிலேயே மனு எழுதிக் கொடுப்பவர்கள் இருப்பார்கள். பட்டா, முதியோர் உதவித்தொகை, பாதைத் தகராறு என்று எல்லாமே ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். ஆனாலும் மனுவை நீட்டிய பிறகு வயதான பெண்கள் உடனே நகர்வதில்லை. "ஐயா, என்ன நடந்துச்சுன்னா" என்று ஆரம்பிக்கிறார்கள். தாளில் எல்லாம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். தாள் படிக்கப்படும், தான் கேட்கப்பட வேண்டும் என்பது அவர்களின் தேவை. அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுக்கிற அதிகாரியைப் பற்றி, வேலை முடியாவிட்டாலும் "நல்ல மனுசன், நின்னு கேட்டாரு" என்று ஊருக்குப் போய்ச் சொல்வார்கள்.

திருக்குறளில் கல்வி, கல்லாமை இரண்டுக்கும் அடுத்து 42-ஆம் அதிகாரமாகக் கேள்வி வருகிறது. படிக்க வாய்க்காதவருக்கும் கேட்டுத் தெளிகிற வழியை வள்ளுவர் திறந்து வைக்கிறார். படித்து அதிகாரத்தில் இருப்பவர்கள் இந்தப் பெண்களிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவையும் அதே வழியாகத்தான் வர வேண்டும்.

7

காது மந்தமானவரை மறுபடியும் நினைக்கிறேன். யாராவது பேசத் தொடங்கியதும் அவர் முன்னால் சாய்கிறார். கண் நம் உதட்டை விட்டு நகர்வதில்லை. வந்து சேராத எழுத்துகளை ஒவ்வொன்றாக ஊகித்து நிரப்பி, பொருள் கூடுகிறதா என்று பார்த்துக்கொண்டே அடுத்த வாக்கியத்துக்கும் தயாராகிறார். சாயங்காலத்துக்குள் அவர் களைத்துப்போவது இந்த உழைப்பினால்தான். நன்றாகக் காது கேட்கிற நாமோ, எதிரே இருப்பவர் பேசி முடிப்பதற்குள் பதிலைத் தயார் செய்துவிடுகிறோம். அவருடைய கடைசி வாக்கியம் நம்மிடம் வந்து சேர்வதே இல்லை. அந்த வீட்டில் மற்றவர்கள் பேசுவதை மிக அதிக அக்கறையோடு கேட்கிறவர், காது கேளாதவர் என்று பெயர் வாங்கிய அவர்தான். அவர் "என்ன சொன்னே?" என்று கேட்கும்போது, சொன்னதை முழுதாக இன்னொரு முறை சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது.