எதிர்காற்று

இடது காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்கு ஏறியபோது எனக்கு வயது 52. அதற்குத் தந்த மாத்திரை அந்த ரத்தக்கட்டியைக் கரைக்காது, மேலும் வளரவிடாமல் தடுக்கும். கரைப்பது உடம்பேதான் என்றார் மருத்துவர். அப்படியானால் நான் ராத்திரியெல்லாம் வேண்டிக்கொண்டது யாரிடம், எதற்கு?

மருத்துவர் சம்மதிக்க, மூன்றாம் மாதம் சைக்கிளை எடுத்தேன். திருவான்மியூர் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. 30 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிற நண்பர்கள் 12-இல் உருட்டினார்கள். ஒருவர் கடற்காற்றுக்கு மறைப்பாக எனக்கு முன்னால் போனார். பேசவே இல்லை. வியர்வையில் முதுகோடு ஒட்டிய அவர் சட்டையையே பார்த்து மிதித்தேன். மிதித்தது என் கால்தான்; காற்றை வாங்கியது அவர். அருள் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்கவில்லை.

நேற்று முட்டுக்காடு பாலம் வரை போய்த் திரும்பினேன். அவரும் வந்தார்.