நாளையின் பங்காளி

அமெரிக்கக் கால்பந்தில் தோற்றவனுக்கு முதல் மரியாதை செய்யும் விதி ஒன்று உண்டு. சென்ற பருவத்தில் மற்றெல்லாரையும்விட மோசமாக ஆடிய அணி எதுவோ அதுவே, கல்லூரிகளிலிருந்து வெளிவரும் இளம் ஆட்டக்காரர்களில் தனக்கு வேண்டியவனை முதலில் எடுத்துக்கொள்ளலாம். வாகை சூடிய அணியோ ஒவ்வொரு சுற்றிலும் கடைசியில் நிற்க வேண்டும். பணமும் புகழும் உள்ள அணிகளே நல்ல ஆட்டக்காரர்களை வாரிக்கொண்டு போனால் மற்றவை நசித்துப்போகும், அவற்றோடு ஆட்டமும் நசித்துப்போகும் என்று கவலைப்பட்டு, பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளராயிருந்த பெர்ட் பெல் 1935-ல் இந்த யோசனையைச் சொன்னார். மறு ஆண்டு பிப்ரவரியில் அவருடைய ஊரிலேயே ஒரு ஹோட்டலில் டிராஃப்ட் எனப்படும் இந்தத் தேர்வு முதன்முதலாக நடந்தது. இன்று 32 அணிகள், ஏழு சுற்றுகள் என்று அது விரிந்திருக்கிறது. லாபத்துக்காகவே நடக்கும் ஒரு தொழிலுக்குள் இத்தனை தர்மசிந்தை புகுந்தது எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது.

ஆனால் ஆட்டக்காரனைத் தேர்ந்தெடுக்கும் இந்த உரிமையை விற்கவும் செய்யலாம். இவ்வாண்டுத் தேர்வை மட்டுமன்றி, அடுத்த ஆண்டுத் தேர்வையும் அதற்கடுத்ததையுங்கூட விற்கலாம். மேரிலாந்தில் வாழ்ந்து, வாஷிங்டன் அணியின் வெற்றி தோல்விகளை என் வீட்டுக் காரியம்போல எண்ணி வந்தவனாகையால், இந்தச் சந்தையின் இரு பக்கங்களையும் கண்டிருக்கிறேன். கண்டதில் ஓர் அபிப்பிராயம் எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது: இன்றைய தேர்வுகளைக் கொடுத்து வாங்கி இடம் மாறிக்கொள்வது வியாபாரம், அதில் லாப நஷ்டம் யாருக்கும் நேரும், நாளைய தேர்வை விற்பதற்கோ வேறு நியாயம் வேண்டும்.

தேர்வுகளுக்கு விலை குறிக்கும் ஓர் அட்டவணை, டாலஸ் கௌபாய்ஸ் அணியின் அந்நாளைய பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் பெயரால் 1990-களின் தொடக்கத்திலிருந்து வழங்கி வருகிறது. முதல் தேர்வுக்கு 3000 புள்ளி, பதினாறாவதற்கு 1000, முப்பத்திரண்டாவதற்கு 590. அதை உண்மையில் தயாரித்தவர் அந்த அணியின் பங்குதாரரும் பொறியாளருமான மைக் மெக்காய். அவர் அதற்கு ஆதாரமாகக் கொண்டது பழைய பரிமாற்றங்களை. ஆகவே, ஒரு தேர்வுக்கு மனிதர்கள் என்ன கொடுத்தார்கள் என்பதுதான் அதில் பதிவாயிற்று, அது எவ்வளவு பெறும் என்பது பதிவாகவில்லை. கேட் மாஸி என்பவரும், பின்னாளில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலரும் இந்த இடைவெளியைத்தான் ஆராய்ந்தார்கள். ஓர் ஆட்டக்காரன், களத்தில் அதே இடத்துக்கு அவனை அடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவனைவிடச் சிறந்தவனாக அமைவது நூற்றுக்கு ஏறக்குறைய 52 தடவைதான் என்று அவர்கள் கண்டார்கள். காசைச் சுண்டிப் போட்டுப் பார்ப்பதைவிடச் சற்றே மேலான இந்த ஞானத்துக்காக அணிகள் கொட்டிக் கொடுக்கும் விலையைப் பார்த்தால், நிச்சயம் என்னும் பிரமைக்கு நாம் எவ்வளவு அடிமைகள் என்பது விளங்கும்.

அவர்கள் கண்ட இன்னொன்று என்னை அதிகம் பாதித்தது. இவ்வாண்டின் இரண்டாம் சுற்றுத் தேர்வைப் பெறுவதற்கு, அடுத்த ஆண்டின் முதற் சுற்றுத் தேர்வையே கொடுத்துவிடுவது அணிகளிடையே வழக்கமாயிருந்தது. கணக்கிட்டால் இது வருஷத்துக்கு நூறு சதவீதத்துக்கும் மேற்பட்ட வட்டி. எந்தக் குடியானவனும் எந்த லேவாதேவிக்காரனுக்கும் மனமறிந்து கொடுக்கச் சம்மதிக்க மாட்டான். கோடிகளை ஆளுகிற, கணக்கில் தேர்ந்த கனவான்கள் ஏன் சம்மதிக்கிறார்கள்?

இவ்வாண்டு வரும் இளைஞனுக்கு ஒரு முகம் இருப்பதே முதற்காரணம் என்று தோன்றுகிறது. டிராஃப்டுக்கு முன் இண்டியானாபொலிஸ் நகரில் நடக்கும் சோதனையில் அவன் நாற்பது கெஜம் ஓடுவதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அவன் தாயார் கண் கலங்கியதைத் தொலைக்காட்சி காட்டியிருக்கிறது. அவனைப் பற்றி ரசிகர்கள் பிப்ரவரியிலிருந்தே சண்டையிட்டிருக்கிறார்கள். இரண்டாண்டு கழித்து வரவேண்டியவனோ எங்கோ ஒரு கல்லூரியில் மாற்று ஆட்டக்காரனாக உட்கார்ந்திருக்கிறான். அவன் பெயர் யாருக்கும் தெரியாது. பெயரில்லாதவனுக்காக வாதாட மனிதசபையில் ஆள் கிடைப்பது எக்காலத்திலும் அரிது. இரண்டாவது காரணம், விற்கிறவர் கடன் தீர்க்கும் நாளில் அங்கே இருப்பது நிச்சயமில்லை.

1999-ல் நியூ ஆர்லியன்ஸ் அணியின் பயிற்சியாளர் மைக் டிட்கா, ரிக்கி வில்லியம்ஸ் என்ற ஒரே ஆட்டக்காரனுக்காக அவ்வாண்டுத் தேர்வுகள் அனைத்தையும், மறு ஆண்டின் முதற் சுற்று, மூன்றாம் சுற்றுத் தேர்வுகளையும் வாஷிங்டனுக்குக் கொடுத்தார். அந்தப் பருவத்தில் அவர் அணி மூன்று ஆட்டங்களில் வென்று பதின்மூன்றில் தோற்றது; டிட்கா வேலையிழந்தார்; அவர் கொடுத்துப்போன முதற் சுற்றுத் தேர்வு நாட்டிலேயே இரண்டாவது தேர்வாக எங்களுக்கு வந்து சேர்ந்தது. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2012-ல், ராபர்ட் கிரிஃபின் என்ற, அணியின் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்காக வாஷிங்டன், மூன்று ஆண்டுகளின் முதற் சுற்றுத் தேர்வுகளையும் ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வையும் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணிக்கு எழுதிக் கொடுத்தது. முதற் பருவத்தில் அந்த இளைஞன் ஆடிய ஆட்டத்தை என் ஆயுளில் மறக்க மாட்டேன். பத்து வெற்றிகளோடு அணி தன் பிரிவில் முதலிடம் பெற்றது. ஜனவரியில் அவன் முழங்காலில் தசைநார் கிழிந்தது. அடுத்த பருவத்தில் மூன்று வெற்றி, பதின்மூன்று தோல்வி. பயிற்சியாளர் மைக் ஷனஹன் விலக்கப்பட்டார். கடைசித் தவணையாகக் கொடுக்கவேண்டிய தேர்வு, நியூ ஆர்லியன்ஸுக்கு நேர்ந்ததுபோலவே, நாட்டின் இரண்டாவது தேர்வாக உயர்ந்து நின்றது. 2014 டிசம்பரில் மேரிலாந்திலுள்ள எங்கள் மைதானத்துக்கு வந்த ராம்ஸ், அந்தப் பரிமாற்றத்தால் தங்களுக்குக் கிடைத்த ஆட்டக்காரர்களையே காசு சுண்டும் சடங்குக்கு அனுப்பிவைத்து, 24-0 என்று வென்றுபோனார்கள். ஆனால் அத்தனை செல்வத்தைப் பெற்ற ராம்ஸும் அடுத்த சில பருவங்களில் வெற்றியைவிடத் தோல்வியே அதிகம் கண்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நாளையைச் சேர்த்து வைப்பது ஒன்று, அதை உபயோகிக்கத் தெரிவது வேறொன்று.

நம்முடைய பழைய தர்மசாஸ்திர மரபில், மிதாக்ஷர நெறிப்படி, பிதுரார்ஜித சொத்தில் பிறந்த மகனுக்கு மட்டுமன்றிக் கருவிலிருக்கும் சிசுவுக்கும் பங்கு உண்டு. குடும்பக் கர்த்தா அச்சொத்தை விற்கலாம், ஆனால் குடும்பத்தின் அவசியமோ க்ஷேமமோ இருந்தாலொழிய அந்த விற்பனை செல்லாது. இன்னும் முகம் காட்டாத ஒருவனை வழக்கில் பங்காளியாகச் சேர்த்துக்கொண்ட அந்த மனம் எவ்வளவு பெரிது! கால்பந்து அணிக்கும் அத்தகைய கர்த்தாக்கள்தாம் வாய்க்கிறார்கள். சில ஆண்டு ஆள்வார்கள், பிறகு வேறு ஊருக்குப் போவார்கள். ரசிகன் போவதில்லை. தந்தையிடமிருந்து பெற்ற அணியை மகனுக்குக் கொடுப்பவன் அவன். ஆகவே பெயரில்லாத அந்த 2028-ம் ஆண்டு இளைஞனுக்காக வாதாடும் கடமையும் ரசிகனுடையதே என்று கருதுகிறேன். இந்த ஏப்ரல் டிராஃப்டிலேயே யாரையாவது வாங்கித் தீரவேண்டும் என்று ரசிகர்கள் கூச்சலிடும்போது, கர்த்தா விற்பதற்குச் சாக்கை நாமே தேடிக் கொடுக்கிறோம்.

நாளையை விற்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2017-ல் கான்ஸஸ் சிட்டி அணி, மறு ஆண்டின் முதற் சுற்றுத் தேர்வையும் சேர்த்துக் கொடுத்து, இருபத்தேழாம் இடத்திலிருந்து பத்தாம் இடத்துக்கு ஏறிக் குவார்ட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸை எடுத்துக்கொண்டது. அணி நல்ல நிலையிலிருந்ததால் கொடுத்த தேர்வு மலிவாகவே முடியும் என்று எதிர்பார்க்க இடமிருந்தது. பயிற்சியாளர் ஆண்டி ரீட் கடன் தீர்ந்த பின்னும் வீட்டிலேயே இருந்து அதன் பலனை அனுபவித்தார். க்ஷேமத்துக்காக விற்றது என்று எந்த நீதிபதியும் ஒப்புக்கொள்வார்.

வாஷிங்டனுக்கு 2024-ல் மறுபடி அதே இரண்டாவது தேர்வு வந்தது. இம்முறை சொந்தத் தோல்வியால் ஈட்டியது, யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. அதன்மூலம் குவார்ட்டர்பேக் ஜேடன் டேனியல்ஸ் வந்தார். அந்தப் பருவத்திலேயே அணி, வாகைக்கான ஆட்டத்துக்கு முந்தைய கான்ஃபரன்ஸ் இறுதியாட்டம் வரை சென்றது. அவரைத் தாக்குதலிலிருந்து காக்க இடப்புறத்துக்கு ஒரு வலிய ஆள் வேண்டும் என்று, 2025 மார்ச்சில், முப்பது வயதான லாரமி டன்ஸிலை ஹூஸ்டனிடமிருந்து வாங்கினார்கள். விலையில் 2026-ன் இரண்டாம் சுற்றுத் தேர்வும் நான்காம் சுற்றுத் தேர்வும் அடங்கும். அவசியம் இருந்ததை நான் மறுக்கவில்லை; கிரிஃபினின் முழங்காலைக் கண்டவன் எப்படி மறுப்பேன்? ஆனால் மாஸியும் தேலரும் செலவைவிடப் பயன் எல்லாவற்றிலும் மிகுதி என்று காட்டியது இரண்டாம் சுற்றின் தொடக்கத்தைத்தான். அந்தச் சுற்றை, அதிலும் அடுத்த ஆண்டின் சுற்றை, கொடுத்தது எனக்குச் சம்மதமில்லை. கையிலிருந்த 2025-ன் இரண்டாம் சுற்றுத் தேர்வைக் கொடுத்திருந்தால், தங்களுடையதைக் கொடுத்துத்தான் வாங்கினார்கள் என்று நான் ஒரு வார்த்தையும் பேசியிருக்க மாட்டேன்.